புதருக்குள் போலீஸ்!

1896-ம் வருஷம், ஜனவரி 28. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் பேடக் வுட் என்று ஒரு ஊர். வால்ட்டர் அர்னால்ட் என்கிற கார் வியாபாரி, தன்னுடைய 'குதிரையில்லா வண்டி'யில் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தார். அந்த வேகத்தைப் பார்த்துப் பதறிப்போன உள்ளூர் கான்ஸ்டபிள், சைக்கிளை எடுத்துக்கொண்டு துரத்த ஆரம்பித்தார். சுமார் 5 மைல் தூரம் மிதித்து, ஆளைப் பிடித்தேவிட்டார்.

சைக்கிளில் துரத்திக் காரைப் பிடிக்க முடியுமா என்கிறீர்களா? முடியும். அர்னால்ட் போன வேகம் மணிக்கு 8 மைல்தான். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீட்டர். ஆக, 13 கிலோமீட்டர் வேகம். நம் ஊர் பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிளில் இதைவிட வேகமாகப் போவார்கள். ஆனால் ஊருக்குள் அன்றைக்குச் சட்டம் அனுமதித்த வேகம் எவ்வளவு தெரியுமா? மணிக்கு 2 மைல். காய்கறிப் பையோடு நீங்கள் சாவகாசமாக நடந்து போனாலே அதைத் தாண்டிவிடுவீர்கள்.

கோர்ட்டில் அவர் மேல் நாலு குற்றச்சாட்டுகள். வேகமாகப் போனதற்கு மட்டும் 1 ஷில்லிங் அபராதம். வேகத்துக்காக அபராதம் கட்டிய முதல் கார்க்காரர் என்று வரலாறு இவரைத்தான் கைகாட்டுகிறது. அன்றைக்கு ஆரம்பித்த புலம்பல் இன்னும் ஓயவில்லை. பூட்ஸ் கால் கான்ஸ்டபிள் போய், கம்பத்தின் உச்சியில் கேமரா வந்துவிட்டது. ஷில்லிங் போய், செல்போனுக்கே செலான் வருகிறது. புலம்பல் மட்டும் அதே புலம்பல்: 'இது பாதுகாப்புக்கா, பணம் பறிக்கவா?'

நியாயமான கேள்விதான். பிரிட்டன் இந்தக் கேள்வியோடு 130 வருஷமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. வேகக் கட்டுப்பாட்டை வைத்துப் பார்த்தது, எடுத்துப் பார்த்தது, திரும்ப வைத்தும் பார்த்தது. அந்தக் கதை நமக்கும் உபயோகப்படும்.

முதலில் அந்த 2 மைல் எங்கிருந்து வந்தது? 1865-ல் போட்ட சட்டம் அது. கார் பிறக்காத காலம். ரோட்டில் ஓடியவை நீராவியில் இயங்கும் ராட்சச இழுவை இயந்திரங்கள். அவை சாலையைப் பெயர்த்தன, குதிரைகளை மிரள வைத்தன. எனவே ஊருக்குள் 2 மைல், வெளியே 4 மைல் என்று கட்டிப்போட்டார்கள். வண்டியில் மூன்று பேர் இருக்க வேண்டும். அதில் ஒருவர் சிவப்புக் கொடியோடு 60 கஜம் முன்னால் நடந்துபோக வேண்டும். 1878-ல் கொடியை விட்டுவிடலாம் என்றார்கள். முன்னால் ஆள் நடப்பது மட்டும் தொடர்ந்தது. இருபது வருஷம் கழித்துக் கார் வந்தபோது, அதற்கும் இதே சட்டம்தான். யானைக்குச் செய்த சங்கிலியை ஆட்டுக்குட்டிக்கு மாட்டினால் எப்படி இருக்கும்? கார் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்ததில் தப்பே இல்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 17-ம் தேதி, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானம். 44 வயது பிரிட்ஜெட் டிரிஸ்கால், தன் மகளோடும் ஒரு சிநேகிதியோடும் விழா பார்க்க வந்திருந்தார். அங்கே ஒரு கம்பெனி, மக்களைக் காரில் ஏற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்த வண்டியைப் பார்த்துத் திகைத்து நின்ற பிரிட்ஜெட்டின் மேல் கார் ஏறியது. அவர் இறந்துபோனார். பிரிட்டனில் பெட்ரோல் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான்.

மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தேன் என்றார் டிரைவர். தீயணைப்பு வண்டி மாதிரி பாய்ந்து வந்தது என்றார் ஒரு சாட்சி. யார் சொல்வது நிஜம்? அளந்து பார்க்கக் கருவி ஏது? 'விபத்து' என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். விசாரணை நடத்திய அதிகாரி, இப்படி ஒன்று இனி ஒருபோதும் நடக்கக்கூடாது என்று சொல்லி ஃபைலை மூடினார்.

கிட்டத்தட்ட மூன்று மாதம். நவம்பர் 14-ம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. முன்னால் நடக்கும் ஆசாமிக்கும் விடுதலை. ஒரு பிரபு விருந்தில் எழுந்து நின்று சிவப்புக் கொடியைக் கிழித்துப்போட்டார். லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் ஊர்வலமாகப் புறப்பட்டன. அந்த நாளின் நினைவாக இப்போதும் நவம்பரில் பழங்காலக் கார்கள் அதே வழியில் ஓடுகின்றன. இரண்டு சம்பவங்களுமே ஒரே வருஷத்துச் சரித்திரம். வருஷா வருஷம் கொண்டாடப்படுவது எது என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1903-ல் அடுத்த சட்டம். இதில் ஒரு பேரம் இருந்தது. 'வேக வரம்பையே எடுத்துவிடுங்கள். பதிலுக்கு எங்கள் வண்டிகளுக்கு நம்பர் கொடுங்கள். தப்பு செய்கிறவனை நம்பரை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்பது கார்க்காரர்கள் தரப்பு. நாடாளுமன்றம் நம்பரை எடுத்துக்கொண்டது; வரம்பை எடுக்கவில்லை. 20 மைல் என்று உயர்த்தியதோடு சரி. இன்றைக்கு உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் மாட்டியிருக்கிற நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு பேரம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கான தாற்காலிகச் சட்டம் என்றார்கள். நீட்டித்து நீட்டித்து 1930 வரை ஓட்டினார்கள்.

இதற்குப் பிறகுதான் நம் தலைப்பில் உள்ள போலீஸ்காரர் புதருக்குள் போனார்.

ஏற்பாடு ரொம்ப எளிமை. சாலையில் குறிப்பிட்ட தூரத்தை அளந்துகொள்வார்கள். இந்த முனையில் ஒரு கான்ஸ்டபிள், அந்த முனையில் இன்னொருவர். கையில் ஸ்டாப் வாட்ச். கார் முதல் ஆளைத் தாண்டும்போது சைகை. இரண்டாவது ஆளைத் தாண்டும்போது கணக்கு. வரம்பு மீறினால் வேலிக்குப் பின்னாலிருந்து சீருடை எழுந்து கைகாட்டும். முதல் முறைக்கே 10 பவுண்டு வரை அபராதம் போடலாம். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

லண்டனிலிருந்து தெற்கே போகிற சாலைகளில் இந்தப் 'பொறி'கள் ஏராளம். கார்க்காரர்கள் பல்லைக் கடித்தார்கள். ஸ்டாப் வாட்ச் சரியாக ஓடுகிறதா? தூரத்தைச் சரியாக அளந்தார்களா? பள்ளிக்கூடம், சந்தை உள்ள இடத்தை எல்லாம் விட்டுவிட்டு, ஆளே இல்லாத நேர் ரோட்டில் எதற்காக ஒளிந்துகொள்கிறார்கள்? வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டுகளோ பெரும்பாலும் கிராமத்து நிலச்சுவான்தார்கள், குதிரைப் பிரியர்கள். காரைக் கண்டாலே ஆகாது. ஊர் கஜானாவை நிரப்புவதற்குத்தான் இத்தனையும் என்று பேச்சு எழுந்தது. வேகக் கேமராவைப் பற்றி இன்று நீங்கள் டீக்கடையில் கேட்கிற அத்தனை வாதங்களும் அன்றே தயார்.

1905 ஜூன் 29. லண்டனின் டிரொக்கடெரோ ரெஸ்டாரன்ட்டில் சில கார்க்காரர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஆட்டோமொபைல் அசோசியேஷன். சுருக்கமாக ஏ.ஏ. இன்று நடுவழியில் பழுதாகி நிற்கும் வண்டிகளுக்கு உதவும் பெரிய நிறுவனம். ஆனால் அது பிறந்த நோக்கம் வேறு: போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உறுப்பினர்களுக்குச் சொல்வது!

இதற்கென்றே சைக்கிளில் ஆட்களைச் சாலைக்கு அனுப்பினார்கள். பொறி இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே நின்று, வருகிற கார்களுக்குச் சைகை காட்டுவது இவர்கள் வேலை. எதிரே வரும் லாரிக்காரர் ஹெட்லைட்டைச் சிமிட்டி 'முன்னால செக்கிங் இருக்குப்பா' என்று சொல்வாரே, அதையே சம்பளம் கொடுத்து, சீருடை போட்டுச் செய்தார்கள்.

போலீஸ் சும்மா இருக்குமா? கடமையைச் செய்யவிடாமல் தடுக்கிறார்கள் என்று கோர்ட்டுக்குப் போனது. 1907-ல் வந்த தீர்ப்பு கார்க்காரர்களுக்குச் சாதகம். எச்சரிக்கப்பட்ட கார்கள் அதற்குமுன் வேகமாகத்தான் வந்தன என்று நிரூபிக்கப்படவில்லையே, பிறகு எதைத் தடுத்தார்கள் என்று கேட்டது கோர்ட். 1910-ல் இன்னொரு வழக்கு. இந்த முறை கார்கள் ஏற்கெனவே வரம்பு மீறி வந்தன என்று நிரூபித்தார்கள். அப்படிப்பட்ட காரை எச்சரித்துக் காப்பாற்றுவது குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டது.

ஏ.ஏ. என்ன செய்தது தெரியுமா? தன் ஆட்களுக்கு ஒரு புதுப் பழக்கம் கற்றுக்கொடுத்தது. சங்க பேட்ஜ் மாட்டிய கார் வந்தால் விறைப்பாக ஒரு சல்யூட். மரியாதைதானே, அதை யார் தடுக்க முடியும்? உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: நம் ஆள் சல்யூட் அடிக்காவிட்டால் வண்டியை நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள்! பொறி இருந்தால் சல்யூட் இருக்காது. மரியாதை செய்யாததற்காக எந்தக் கோர்ட்டில் ஒருவனை நிறுத்த முடியும்? இந்தச் சல்யூட், பொறிகளின் காலம் போன பிறகும் 1960-கள் வரை நீடித்தது.

படிக்கும்போது நமக்கே சிரிப்பு வருகிறது. போலீஸுக்கும் கார்க்காரனுக்கும் நடக்கும் கண்ணாமூச்சியில் மனசு தன்னையறியாமல் கார்க்காரன் பக்கம் சாய்கிறது. ஆனால் இந்த ஆட்டத்தில் மூன்றாவதாக ஒருவர் உண்டு. தெருவைக் கடக்க நிற்பவர். அவருக்குச் சங்கம் கிடையாது. பேட்ஜ் கிடையாது. சல்யூட் அடித்து எச்சரிக்கவும் ஆள் கிடையாது.

1920-களின் முடிவில் 20 மைல் வரம்பு வெறும் கேலிப்பொருளாகிவிட்டது. சாதாரணக் கார்களே அதைப்போல இரண்டு மடங்கு வேகம் போயின. யாரும் மதிக்காத சட்டத்தை வைத்திருந்தால் மற்ற சட்டங்களுக்கும் மரியாதை போய்விடும் என்று அரசாங்கம் நினைத்தது. 1930-ம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கான வேக வரம்பை அடியோடு நீக்கியது. பொறுப்பாக ஓட்டுங்கள், கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுங்கள், அடாவடியாக ஓட்டினால் தண்டனை. மற்றபடி வேகம் உங்கள் இஷ்டம். கார்க்காரர்கள் இத்தனை வருஷம் கேட்டது முழுசாகக் கிடைத்தது.

இந்த இடம் முக்கியம். 'வரம்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்?' என்று நாம் பேச்சுக்குக் கேட்பதை ஒரு தேசம் நிஜமாகவே செய்து பார்த்தது.

1934-ல் பிரிட்டன் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். காயம்பட்டவர்கள் 2,31,000-க்கும் மேல். அப்போது அங்கே இருந்த மோட்டார் வண்டிகளோ மொத்தம் சுமார் 25 லட்சம்தான்.

மறுபடி வரம்பு கொண்டுவரும் மசோதா அந்த வருஷம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதை எதிர்த்துப் பேசிய மூர் பிரபஸான் என்ற எம்.பி., பிரிட்டனின் முதல் விமானி லைசென்ஸ் வாங்கியவர். வேகப் பிரியர். அவருடைய வாதம் இப்படிப் போனது: வருஷத்துக்கு 6,000 பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள், அதற்காக யாராவது அமளி செய்கிறோமா? அந்தக் காலத்தில் நாம் கார் ஓட்டிவிட்டு வந்தால் முன்பக்கம் முழுக்கக் கோழி இறகாக இருக்குமே, நினைவிருக்கிறதா? நாய்களும் அப்படித்தான் அடிபட்டுச் செத்தன. இப்போது நாய்கள் விலகிப்போகக் கற்றுக்கொண்டுவிட்டன. எல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

அதாவது, நாய் கற்றுக்கொண்டதை மனிதன் கற்றுக்கொள்ள மாட்டானா என்கிறார். கற்றுக்கொள்ளும்வரை ஏழாயிரம், எட்டாயிரம் பேர் போனால் போகட்டும். இவர் பின்னாளில் அதே நாட்டின் போக்குவரத்து அமைச்சரும் ஆனார்.

நல்லவேளை, 1934-ல் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. பதவியேற்ற புதிதில் லண்டன் கேம்டன் ஹை ஸ்ட்ரீட்டை நடந்து கடக்கும்போது, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவரையே இடித்துத் தள்ளப் பார்த்தது. பாதசாரி கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு வண்ண உருண்டை வைத்தார். 'பெலிஷா பீக்கன்' என்ற பெயரில் அவை இன்றும் பிரிட்டனில் நிற்கின்றன. ஆரம்பத்தில் பொடியன்கள் குறிபார்த்து அந்தக் கண்ணாடி உருண்டைகளை உடைத்துத் தள்ளினார்கள்.

1935 மார்ச் 18 முதல் குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பு வந்தது. புது ஓட்டுநர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் கட்டாயமானது. அதுவரை லைசென்ஸுக்குப் பணம் கட்டினால் போதும், ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை! அந்த வருஷம் சாவு எண்ணிக்கை 6,502-ஆக இறங்கியது. 841 பேர் குறைவு. வரம்பு, டெஸ்ட், கம்பம் என எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் 'தானாகச் சரியாகும்' என்ற வாதம் அத்தோடு படுத்துவிட்டது.

இனி கேமராவுக்கு வருவோம். இந்தக் கதையின் பெரிய தமாஷே இங்கேதான். வேகக் கேமராவுக்கு வழிபோட்டவர் போலீஸ் அதிகாரி என்று நினைக்கிறீர்களா? கிடையாது. கார் ரேஸ் வீரர்!

மவுஸ் காட்ஸோனிடஸ். டச்சுக்காரர். 1911-ல் ஜாவா தீவில் பிறந்தவர். 1953-ல் புகழ்பெற்ற மான்டி கார்லோ ராலியில் ஃபோர்டு ஸெஃபிர் காரை ஓட்டி ஜெயித்தவர். வளைவுகளில் தன்னுடைய வேகத்தை இன்னும் எப்படிக் கூட்டலாம் என்று துல்லியமாக அளந்து பார்க்க ஆசைப்பட்டார். சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறினால் கடிகாரம் ஓடும். இரண்டாவதில் ஏறினால் நிற்கும். புதருக்குள் ஒளிந்த இரண்டு கான்ஸ்டபிள்களின் வேலையை இரண்டு ரப்பர் குழாய்கள் செய்தன. இதை வைத்தே 1958-ல் கம்பெனி ஆரம்பித்தார். பிறகு குழாய் போய் ராடார் வந்தது, கேமராவும் சேர்ந்துகொண்டது. வேகமாகப் போவதற்காகச் செய்த கருவி, உலகம் முழுக்க வேகத்தைத் தடுக்கும் கருவியாகிவிட்டது. அதனிடம் தானே பலமுறை மாட்டி அபராதம் கட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனில் 1992-ல் லண்டனின் டிவிக்கன்ஹாம் பாலத்தருகே முதல் கேமரா வந்தது. வரம்பு 40 மைல். 65 மைலுக்கு மேல் பறந்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். முதல் 22 நாளில் 20,000-க்கும் மேல்! அந்தக் காலத்தில் ஃபிலிம் ரோல்தான். போட்டால் சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் பல பெட்டிகளில் கேமராவே இருக்காது. வெறும் பெட்டி மட்டும். சோளக்கொல்லை பொம்மை மாதிரி.

2000-ல் அரசாங்கம் ஒரு காரியம் செய்தது. கேமரா அபராதத்திலிருந்து கேமராவின் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்று எட்டுப் பகுதிகளில் சோதனையாக அனுமதித்தது. நிர்வாகக் கணக்கில் அது சரிதான். ஆனால் ஜனங்கள் பார்வையில்? பிடிக்கிறவனுக்கே காசு போகிறது! ஒரு நூறு வருஷத்துக்கு முந்தைய சந்தேகத்துக்கு அரசாங்கமே எண்ணெய் ஊற்றியது. அபராதம் ஒவ்வொன்றும் 60 பவுண்டு. கூடவே லைசென்ஸில் 3 பாயின்ட். 12 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் காலி. பிழைப்புக்கே வண்டி ஓட்டுகிறவர்கள் அலறினார்கள். 'கேப்டன் காட்ஸோ' என்ற புனைபெயரில் ஒரு ஆசாமியின் தலைமையில் ஒரு கோஷ்டி, கேமராக்களுக்கு டயர் மாட்டிக் கொளுத்த ஆரம்பித்தது.

அரசாங்கம் யோசித்தது. 2001 டிசம்பரில், கேமராக்களுக்குப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடிக்கவும், பாலத்துக்கும் புதருக்கும் பின்னால் ஒளித்து வைக்கக்கூடாது என்றும் உத்தரவிட்டது. முன்பு பெரிய விபத்துகள் நடந்த இடங்களில்தான் வைக்க வேண்டும் என்று விதிமுறையும் வந்தது. கான்ஸ்டபிள் புதரைவிட்டு வெளியே வர நூறு வருஷம் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

அடுத்த சண்டை புள்ளிவிவரத்தில். கேமரா இருக்கும் இடங்களில் உயிர்ச்சேதமும் படுகாயமும் 42 சதவிகிதம் குறைந்துவிட்டன என்று 2005-ல் ஓர் ஆய்வறிக்கை வந்தது. அரசுத் தரப்புக்கு ஏக குஷி. எதிர்த்தரப்பு அதே அறிக்கையின் பின்னிணைப்பைப் பிரித்துக் காட்டியது. ஒரு இடத்தில் ஏதோ ஒரு வருஷம் விபத்து வழக்கத்தைவிட அதிகமாக நடக்கிறது. உடனே கேமரா வைக்கிறோம். அடுத்த வருஷம் குறைகிறது. கேமரா வைக்காவிட்டாலும் கொஞ்சம் குறைந்திருக்குமே! காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது தாயத்து கட்டினால் மறுநாள் காய்ச்சல் இறங்கத்தான் செய்யும். புகழ் தாயத்துக்குப் போகும். ஆக, அந்த 42-ல் கணிசமான பங்கு தாயத்துக் கணக்கு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படியானால் கேமராவும் தாயத்துதானா? அதுவும் இல்லை. 2017-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 1992 முதல் 2016 வரையிலான விபத்துக் கணக்குகளை வைத்து, கேமராவிலிருந்து 500 மீட்டருக்குள் விபத்துகள் 17 முதல் 39 சதவிகிதமும், மரணங்கள் 58 முதல் 68 சதவிகிதமும் குறைந்ததாகச் சொன்னது. கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனால் விபத்துகள் கூடுகின்றன. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேமராவைத் தாண்டியதும் ஆக்சிலரேட்டரை அழுத்துகிற கால் நம் எல்லோருக்கும் இருக்கிறதே!

காசு விவகாரம் என்ன ஆயிற்று? 2007-ல் அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தார்கள். அபராதம் நேராக மத்திய கஜானாவுக்குப் போனது. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து குடைச்சல். செலவு எங்களுக்கு, வரவு லண்டனுக்கா என்று ஸ்விண்டன் நகரசபை 2009-ல் கேமராக்களை நிறுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2010 ஆகஸ்டில் பணமில்லை என்று அணைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் சாவு எண்ணிக்கை கூடியது என்று போலீஸ் சொன்னது. 2011 ஏப்ரலில் திரும்பப் போட்டுவிட்டார்கள்.

கடைசியாக வேல்ஸ். 2023 செப்டம்பர் 17 முதல் அங்கே குடியிருப்புத் தெருக்களின் வரம்பு 30-லிருந்து 20 மைலாகக் குறைந்தது. அதாவது 32 கிலோமீட்டர். மொத்த ஜனத்தொகையே சுமார் 31 லட்சம்தான். எதிர்ப்பு மனுவில் 4 லட்சத்து 69 ஆயிரம் கையெழுத்துகள் விழுந்தன! அந்த நாட்டு நாடாளுமன்றம் அவ்வளவு பெரிய மனுவைப் பார்த்ததே இல்லை. பொருத்தமில்லாத சாலைகளில் 30-க்கே திரும்பலாம் என்று அரசாங்கம் இறங்கிவந்தது. இன்னொரு பக்கம், முதல் வருஷத்தில் 20, 30 மைல் சாலைகளில் காயம்பட்டோர் எண்ணிக்கை ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருந்தது.

வெறும் 10 மைலுக்கா இத்தனை கலாட்டா? கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 30-ல் போனால் ஒரு மைலுக்கு 2 நிமிஷம். 20-ல் போனால் 3 நிமிஷம். நஷ்டம் ஒரு நிமிஷம்.

எதிர்ப்பக்கம் என்ன வரவு? பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தின் கணக்கு இது. 20 மைல் வேகத்தில் வரும் கார் முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்தால், டிரைவர் சுதாரித்து பிரேக் போட 6 மீட்டர், வண்டி நிற்க இன்னொரு 6 மீட்டர். ஆக 12 மீட்டரில் நின்றுவிடும். 30 மைல் வேகத்தில் வரும் கார், டிரைவர் சுதாரிப்பதற்குள்ளேயே 9 மீட்டர் ஓடிவிடும். நிற்க இன்னும் 14 மீட்டர் வேண்டும். குழந்தை 12-வது மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-ல் வந்த கார் குழந்தையைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. 30-ல் வந்த கார், அந்த இடத்தைக் கடக்கும்போது பிரேக் போட்டு 3 மீட்டர்தான் ஆகியிருக்கும். அப்போது அதன் வேகம் இன்னும் 26 மைல். அதாவது 42 கிலோமீட்டர் வேகத்தில் மோதுகிறது. டிரைவர் மேல் தப்பில்லை, பிரேக்கும் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு நிமிஷ மிச்சம்தான் வித்தியாசம்.

சரி, இந்தக் கதையில் நமக்கென்ன இருக்கிறது?

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் முதல் வடிவம் 1914-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்தது. இப்போது இருப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். 2019-ல் அதைத் திருத்தி, வேக மீறலுக்குக் கார்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் என்று அபராதத்தைக் கூட்டினார்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனதாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதே வருஷம், 4 கோடிக்கும் மேல் வண்டிகள் ஓடும் பிரிட்டனில் இறந்தவர்கள் 1,711. ஞாபகமிருக்கிறதா, 25 லட்சம் வண்டிகள் இருந்தபோது அங்கே 7,343.

கார்க்காரனின் கோபத்தில் எப்போதுமே இரண்டு கோபங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, 'என்னை ஒளிந்திருந்து, அநியாயமாகப் பிடிக்காதே.' இன்னொன்று, 'என்னைப் பிடிக்கவே பிடிக்காதே.' முதல் கோபம் நியாயமானது. மஞ்சள் பெயின்டும், இடம் பார்த்துக் கேமரா வைக்கும் விதியும், காசையும் பிடிப்பதையும் பிரித்து வைத்ததும் அந்தக் கோபத்தால் கிடைத்தவைதான். இரண்டாவது கோபத்துக்கு 1930-ல் பிரிட்டன் இடம் கொடுத்துப் பார்த்தது. அதன் விலை என்ன என்று பார்த்துவிட்டோம்.

நமக்கும் முதல் கோபத்துக்கு ஆயுதம் இருக்கிறது. 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள்படி, கேமரா கண்காணிக்கும் பாதைக்கு முன்னால் கண்ணில் படும்படி எச்சரிக்கை போர்டு இருக்க வேண்டும். கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும்; அதை வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். செலான் வந்தால் இவையெல்லாம் இருந்தனவா என்று தாராளமாகக் கேளுங்கள். போர்டு மரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் சண்டை போடுங்கள். உங்கள் உரிமை அது.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும், பேசாமல் பணத்தைக் கட்டிவிடுங்கள். பிரிட்ஜெட் டிரிஸ்கால் இறந்தபோது, 4 மைலா, தீயணைப்பு வண்டி வேகமா என்று சொல்ல அந்த மைதானத்தில் ஒரு கம்பமும் இல்லை. இப்போது இருக்கிறது. தெருவைக் கடப்பவருக்குச் சாட்சி சொல்ல இருக்கும் ஒரே ஆள் அதுதான்.